மறு: ‘சயின்ஸ் ஹேக் டே’வுக்கு தமிழ்ல என்ன பேரு?

எல்லாருக்கும் வணக்கம், லேட்டா வர்றேன். அறிவியல் புடிச்சவங்க, கோட் அடிக்கிறவங்க, மத்தவங்க எல்லாம் ஒண்ணா கூடி புதுசா எதையாவது செஞ்சு பாக்கற ‘சயின்ஸ் ஹேக் டே’வுக்கு, அதாவது ஹேக்கத்தான் மாதிரியான கூட்டத்துக்கு, தமிழ்ல பேர் தேடறோம்ல, நீங்க சொன்ன பேருக்கெல்லாம் என் பதில்.

> "அறிவியல் நிரல் போட்டி"ன்னா எல்லாருக்கும் புரியுமே

புரியும்தான், தப்பா புரியும். 1999ல ஓபன்பிஎஸ்டிங்கற கம்ப்யூட்டர் இயங்குதளத்த உருவாக்கற ஆளுங்க பத்து பேரு கனடால கால்கரியில ஒண்ணா உக்காந்து வேலை பாத்தாங்க, அமெரிக்காவோட கிரிப்டோகிராஃபி (தகவல ரகசியக்குறியா மாத்தற நுட்பம்) ஏற்றுமதி சட்டத்துல மாட்டக்கூடாதுன்னு, அதுக்கு வச்ச பேர்தான் ஹேக்கத்தான், பரிசுக்காக கூடுன கூட்டமே இல்ல. நிரலும் பாதிதான். 2010 ஜூன்ல லண்டன்ல மொத சயின்ஸ் ஹேக் டே நடந்துச்சு, அதே வருஷம் நவம்பர்ல சான் பிரான்சிஸ்கோவுல ஒரு குழு துகள் இயற்பியல் டேட்டாவ காற்றுமணி ஓசையா மாத்துச்சு. கோட் அடிக்கிறவங்க மட்டும் இருந்தா போதுமா அதுக்கு, காது உள்ளவங்களும் வேணுமே.

> ஹேக்கர் = கொந்தர், அப்ப "கொந்துநாள்"

இங்கதான் இடிக்குது. போன தடவ ஒரு காலேஜ்ல நோட்டீஸ் ஒட்டினப்போ விலங்கியல் படிக்கற பொண்ணு ஒண்ணு "சார், இதுக்கு வந்தா போலீஸ் கேஸ் ஆகாதுல்ல"ன்னு கேட்டுச்சு, கிண்டல் இல்ல, நிஜமாவே பயந்துருச்சு. பேப்பர்ல ஹேக்னா பேங்க்ல இருந்து காசு போறதுதானே. கொந்துன்னா கிளி கொந்துன மாம்பழம் மாதிரி வேற இருக்கு.

குடிமராமத்துலேர்ந்து "மராமத்து நாள்"னு வந்த யோசனை எனக்கு ரொம்ப புடிச்சுது, ஊரே சேந்து ஏரிய தூர் வார்றது கண்ணு முன்னால நிக்குது, ஆனா அது பழச சரி பண்றது, நாம பண்றது புதுசு.

நான் சொல்றது கூடிச்செய்நாள். எடிட்டத்தானுக்கு (ஒண்ணா சேந்து விக்கி கட்டுரைய எழுதி திருத்தற நிகழ்ச்சி) தமிழ் விக்கிப்பீடியாவுல தொடர்தொகுப்புன்னு வச்சாங்க பாருங்க, மாரத்தான் வாலை வெட்டிட்டு செய்யற காரியத்த மட்டும் எடுத்துக்கிட்டாங்க, அதே வழிதான். செய்நாள் வினைத்தொகை, சுடுசோறு மாதிரி. வினையாவும் புழங்கும்: "நேத்து எட்டு பேரு கூடிச்செஞ்சோம்". ஹேக்கத்தான வச்சு இப்படி சொல்லிப் பாருங்க, நாக்கு சுளுக்கிக்கும்.

பேருக்கு ஏன் இவ்ளோ மல்லுக்கட்டறேன்னா, புதுசா வர்றவங்களுக்கு குடுக்கற கையேட்டுல மொத வரியே இதுதான். மத்தது எழுதிட்டேன்: லேப்டாப் இல்லாட்டியும் வாங்க, இருந்தா பைத்தான்ங்கற நிரல்மொழியையும் டேட்டாவையும் வீட்லயே இறக்கிட்டு வாங்க (நாப்பது பேரு ஒரே வைஃபைல இறக்குனா மத்தியான சாப்பாடு வரைக்கும் சுத்திக்கிட்டே இருக்கும், பட்டாச்சு), என்ன தெரியும், என்ன கத்துக்கணும்னு ஒரு சீட்டுல எழுதிட்டு வாங்க, அத வச்சுத்தான் யாரு பக்கத்துல யார உக்கார வைக்கறதுன்னு பாப்போம். மொத தடவ வர்றவங்களுக்குன்னு தனியா எடுத்து வைக்கற சின்ன வேலைக்கு "பிள்ளையார்சுழி வேலை"ன்னு போட்டிருக்கேன், சாமி பேரு வேணாம்னா "கைபழகு வேலை"ன்னு மாத்திக்குங்க, அதுக்கெல்லாம் சண்டைக்கு வரமாட்டேன்.

கூடிச்செய்நாளுக்கு வருவேன். நோட்டீஸ் வெள்ளிக்கிழமை அச்சுக்கு போகுது, அதுக்குள்ள சொல்லிருங்க.