மாநிலங்களவை விவாதப் பதிவை மறுபதிப்பிட அனுமதி தேவையா?

கேள்வி:
1962 மே மாதம் மாநிலங்களவையில் அண்ணா ஆற்றிய கன்னிப்பேச்சை, ஆங்கில மூலமும் தமிழாக்கமுமாகச் சிறு நூலாக வெளியிட எண்ணியுள்ளேன். அவைப் பதிவு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆயினும், நாடாளுமன்ற வெளியீடுகளில் செயலகத்தின் பதிப்புரிமைக் குறியைக் கண்டபின் தயக்கம் ஏற்பட்டது. பின்னிணைப்பாக, அண்மையில் வெளிவந்த நிலைக்குழு அறிக்கை ஒன்றின் சில பக்கங்களையும் சேர்க்கலாமா?

பதில் 1:
இலவசமாகப் படிக்கக் கிடைப்பது வேறு, மறுபதிப்பிடும் உரிமை வேறு. 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், சட்டமன்றங்களும் நாடாளுமன்றமும் வெளியிடுபவற்றை ‘அரசுப் படைப்பு’ என்றே வரையறுக்கிறது. மக்கள் வரிப்பணத்தில் அச்சானது என்பதால் மட்டும் அது பொதுவுடைமை ஆகிவிடாது (ஆகியிருக்க வேண்டும் என்பது என் கருத்து). ஆனால் 28 ஆம் பிரிவின்படி இவ்வுரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளுக்கே நீடிக்கும். அந்த விவாதத் தொகுதி 1962 இலேயே அச்சாகியிருந்தால், 2022 முடிவோடு உரிமை தீர்ந்துவிட்டது. அச்சான ஆண்டை முகப்புப் பக்கத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 2:
மேலே உள்ளவர் பதிவைப் பற்றி மட்டுமே சொல்கிறார். பேச்சு யாருடையது என்ற கேள்வி மிஞ்சுகிறது. பொது இடத்தில் ஆற்றிய உரைக்கு, அதை ஆற்றியவரே முதல் உரிமையாளர் என்ற விதி 1983 திருத்தத்தில் சேர்ந்தது. அது அவை உரைக்கும், அதிலும் 1962 உரைக்கும், பொருந்துமா என்று வழக்கறிஞர்கள் வாதிடலாம். பொருந்தும் என்றே கொண்டால், அண்ணா 1969 இல் மறைந்ததால் 2029 முடியும்வரை உரிமை நீளும். ஆனால் அவருடைய நூல்களைத் தமிழக அரசு 1995 இல் நாட்டுடைமையாக்கிவிட்டது. எனவே அந்த அரசாணையின் வாசகம் உரைகளையும் உள்ளடக்குகிறதா என்று பார்த்தால், நடைமுறையில் உங்கள் கவலை தீர வாய்ப்புண்டு. தமிழாக்கத்தை மட்டும் நீங்களே செய்யுங்கள்; பிறர் செய்த மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு.

பதில் 3:
சிக்கல் பின்னிணைப்பில்தான். 52 ஆம் பிரிவு, அவையில் வைக்கப்பட்ட குழு அறிக்கைகளை, அரசு தடை விதிக்காத வரையில், மறுபதிப்பிட இடமளிக்கிறது. ஆனால் அங்கே சொல்லப்படுவது ‘அரசு அமைத்த’ குழு. நிலைக்குழுவை அமைப்பவர்கள் மக்களவைத் தலைவரும் மாநிலங்களவைத் தலைவருமே தவிர அரசு அன்று. ஆகவே அந்த விலக்கு நேராகப் பொருந்தும் என்று நான் உறுதி கூறமாட்டேன். சில பக்கங்களை அப்படியே அச்சிடுவதைவிட, தேவையான பத்திகளை மட்டும் மேற்கோளாக எடுத்து, உங்கள் விமர்சனத்தோடு சேர்த்து, மூலத்தையும் குறிப்பிட்டால், அதே பிரிவின் நியாயமான பயன்பாட்டுக்குள் வரும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. நிலைக்குழுப் பக்கங்களை நீக்கிவிட்டு, மூன்று பத்திகளை மட்டும் என் முன்னுரையில் எடுத்தாளுகிறேன். அரசாணையின் நகலைப் பெற இன்றே தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கிறேன்.