புதுக் காரில் உடைமுள் கீறல்: கதவு முழுக்கப் பெயிண்ட் அடிக்கத்தான் வேண்டுமா?

உடங்காட்டான், திசையன்விளைப் பக்கம்:
அண்ணாச்சிமாரே, கார் எடுத்துப் பதினெட்டு நாள்தான் ஆகிறது. கருநீலம். ஞாயிற்றுக்கிழமை உவரி சுவாமியைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது எதிரே வாழைத்தார் லாரி வந்தது. ஒதுங்கினேன். இடப்பக்கம் முழுக்க உடைமரம். முள் தகட்டில் கிழித்த சத்தம் இன்னும் காதில் நிற்கிறது. இரண்டு கதவிலும் மயிரிழை போல ஏழெட்டுக் கோடுகள். தண்ணீர் ஊற்றினால் மறைகின்றன, காய்ந்ததும் தெரிகின்றன. பின்சக்கரத்துக்கு மேலே மட்டும் சுண்டுவிரல் நீளத்துக்கு ஆழமாக ஒன்று, நடுவே வெள்ளியாக மின்னுகிறது. வாங்கிய இடத்தில் கதவு இரண்டையும் புதிதாகப் பெயிண்ட் அடித்து இன்சூரன்சில் போட்டுவிடலாம் என்கிறார்கள். அப்பா வாழைக்காய் விற்றுச் சேர்த்த பணம். கம்பெனிப் பெயிண்டைச் சுரண்ட மனம் வரவில்லை. மைத்துனன் பற்பசை தேய்க்கச் சொல்கிறான்.

பாளை பெயிண்டர்:
தம்பி, கதவைத் தொட விடாதீர்கள். தண்ணீரில் மறைகிற கீறல், நிறத்துக்கு மேலே பூசிய 'கிளியர்' என்ற நிறமில்லாத படலத்தோடு நிற்கிறது. நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள், தட்டாவிட்டால் காம்பவுண்ட் என்கிற தேய்ப்புப் பசையிலேயே போய்விடும். ஆனால் அந்தப் படலம் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியை விட மெல்லியது. மெஷின் வேண்டாம். மண் போகக் கழுவி, நிழலில் தகடு ஆறிய பிறகு, மைக்ரோஃபைபர் துணியால் கையாலேயே தேயுங்கள். கதவின் மடிப்பு ஓரத்தில் அழுத்தவே கூடாது, அங்கேதான் சீக்கிரம் தேயும். பற்பசை கருநீலத்தில் மங்கல் திட்டு விட்டுப்போகும்.

மின்னுகிறதே, அதைத் தள்ளிப்போடாதீர்கள். அது வெறும் தகடு, உங்கள் பக்கம் உப்புக்காற்று. ஸ்பிரிட்டால் துடைத்து, தீக்குச்சி முனையால் பிரைமரை, அதாவது பெயிண்டுக்கு அடியில் வைக்கும் முதல் பூச்சை, கீறலுக்குள் மட்டும் வையுங்கள். காய்ந்தபின் டச்-அப் பெயிண்ட் இரண்டு மூன்று மெல்லிய பூச்சு, கடைசியில் கிளியர். நிறத்தைக் கண்ணால் பார்த்து வாங்காதீர்கள். உங்கள் கார் நிறத்தின் குறியீடு (பெயிண்ட் கோட்) கதவுத் தூணிலோ பானெட்டுக்குள்ளோ இருக்கும்.

வள்ளியூர்க்காரன்:
இன்சூரன்சை இதற்குத் தொடாதீர்கள். 1500 சிசிக்கு உட்பட்ட கார் என்றால் ஒவ்வொரு கிளைமிலும் 1,000 ரூபாய் நாம்தான் கட்ட வேண்டும். அதோடு முதல் ஆண்டு கிளைம் இல்லாமல் ஓட்டினால் அடுத்த ஆண்டு நம் காரின் சேதத்துக்காகக் கட்டும் பிரீமியத்தில் கிடைக்கும் 20 சதவீதக் கழிவும் போய்விடும்.

உடங்காட்டான்:
அண்ணாச்சி, கதவுக் கோடுகள் போய்விட்டன. கைப்பிடிக்குக் கீழே ஒன்று மட்டும் நகத்தில் தட்டுகிறது, விட்டுவிட்டேன். ஆழமான கீறலில் கிளியரும் வைத்தாயிற்று. இப்போது கடுகளவு புடைத்து நிற்கிறது. தேய்க்கலாமா?

பாளை பெயிண்டர்:
இப்போது வேண்டாம், ஒரு வாரம் நன்றாக இறுகட்டும். பிறகு 2000 நம்பர் வாட்டர் பேப்பரை (தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் நைசான உப்புத்தாள்) நனைத்து, புடைப்பின் மேல் மட்டும் மெதுவாக. மட்டமானதும் காம்பவுண்ட் போடுங்கள்.

உடங்காட்டான்:
சரி அண்ணாச்சி. இன்று காலை அரிவாளோடு போய் அந்த வளைவில் தொங்கிய உடைக்கிளைகளைக் கழித்துவிட்டு வந்தேன்.