தொகுக்கப் போனால் தடை என்று வருகிறது, அவசரம்

வெள்ளவத்தை_வாசகி: விக்கிப்பீடியாவில் எதையும் சேமிக்க முடியவில்லை, தடை என்று பெட்டி வருகிறது. நேற்று வரை சரியாக இருந்தது. ஒரு குழப்படியும் செய்யவில்லை. ஒரு கட்டுரையில் "ஆக்சிசன்" என்பதை "ஒட்சிசன்" ஆக்கிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். எந்த நிர்வாகியின் வேலை இது?

கோட்டை_ரயில்: புகுபதிகை செய்தீர்களா, இல்லை கணக்கில்லாமல் சும்மா ஐபியா (இணைய இணைப்பின் முகவரி எண்)? போனா, கணினியா?

மழைக்காகம்: காரணம் கேள்வியிலேயே இருக்கிறது. சொல்லை மாற்றியிருப்பீர்கள், யாரோ மீளமைத்து பழையபடி ஆக்கியிருப்பார், நீங்கள் திரும்பவும் மாற்றியிருப்பீர்கள். ஆங்கில விக்கியில் 24 மணி நேரத்தில் மூன்று தடவைக்கு மேல் மீளமைத்தால் தடை வரும். இங்கும் அதுதான் நடந்திருக்கும்.

பழைய_கை: அறிவிப்பை வடிவாக வாசிக்காமல் இழை தொடங்குவது வழக்கமாகிவிட்டது. தடுத்தவர், காரணம் எல்லாம் அந்தப் பெட்டியிலேயே இருக்கும். ஐபியை மறைத்துவிட்டு இங்கே ஒட்டுங்கள். நாங்கள் மை போட்டுப் பார்க்கிறவர்கள் இல்லை.

மதுரைக்காரன்: அது இருக்கட்டும், ஒட்சிசன் என்று எந்தப் பிள்ளை தேடும்?

கோட்டை_ரயில்: கொழும்புப் பிள்ளை தேடும். இலங்கைப் பாடநூலில் ஒட்சிசன், ஐதரசன்தான். வழிமாற்று எதற்கு இருக்கிறது? எதைத் தேடினாலும் ஒரே பக்கத்துக்குப் போகும்.

மதுரைக்காரன்: தலைப்புக்குச் சரி. கட்டுரைக்குள் இரண்டையும் கலந்தால் சாம்பாரில் சொதியை ஊற்றின மாதிரி.

பழைய_கை: இந்தச் சண்டைக்கு விக்கியின் பொது உரையாடல் பக்கம், ஆலமரத்தடி, இருக்கிறது.

வெள்ளவத்தை_வாசகி: புகுபதிகை செய்துதான். போன். பெட்டியில் "திறந்த ப்ராக்சி", உலகளாவிய தடை என்று இருக்கிறது.

இரவு_நிர்வாகி: அக்கா, அப்படியென்றால் தடை உங்கள் கணக்குக்கு இல்லை, நீங்கள் வரும் ஐபிக்கு. இங்குள்ள நிர்வாகி யாரும் போட்டதில்லை. விக்கிகளுக்குப் பொதுவான மேல்விக்கியில் ஸ்டூவர்டுகள் என்ற மேல்நிலைப் பயனர்கள் எல்லா விக்கிக்கும் சேர்த்துப் போடுவது. திறந்த ப்ராக்சி என்றால் யாரும் தன் ஐபியை மறைத்து வரக்கூடிய இடைவழி. ஐபியை மறைத்து வேறு வழியால் இணைக்கும் வி.பி.என். செயலி ஏதும் ஓடுகிறதா? ஐபோன் என்றால் பிரைவேட் ரிலேயையும் பாருங்கள், அதுவும் ஐபியை மறைக்கும். ஐபி தடை விலக்கு என்று ஓர் அனுமதி உண்டு, ஆனால் அணைத்துப் பார்ப்பதுதான் சுகம். (நிர்வாகி என்றதும் பொலிஸ் என்று நினைக்கிறார்கள். சம்பளமில்லாமல், வேலை முடிந்து வந்து குப்பை அள்ளுகிறோம்.)

வெள்ளவத்தை_வாசகி: வி.பி.என். ஒன்றும் என்னிடம் இல்லையே.

கோட்டை_ரயில்: 2022 ஏப்ரலில் இலங்கையில் சமூக ஊடகங்களை மறித்தபோது ஒன்றும் போடவில்லையா? எங்கள் வீட்டுப் போன்களில் அது இன்னும் கிடக்கிறது.

மழைக்காகம்: நான் இப்போதும் மூன்று மீளமைப்பு என்றுதான் சொல்வேன்.

வெள்ளவத்தை_வாசகி: தம்பி அப்போது போட்டுத் தந்தது கிடந்தது. மகன் ஏதோ விளையாட்டுக்காக நேற்றிரவு அதைத் திறந்துவிட்டிருக்கிறான். அணைத்தேன், சேமித்தது. நன்றி.

மதுரைக்காரன்: எதைச் சேமித்தீர்கள், ஒட்சிசனா ஆக்சிசனா?

மதுரைக்காரன்: அக்கா?