நியூஜெர்சில ஒரே ஸ்டேட்டுக்குள்ள ரெண்டு பேராயமா? எபிஸ்கோபல் சர்ச் பத்தி ஒரு டவுட்டு

பெரம்பூர் பெருசு:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பொண்ணு வீட்டுல எடிசன்ல ஆறு மாசம் இருந்துட்டு போன வாரம்தான் திரும்புனேன், இன்னும் ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு தட்டுது, அதான் உக்காந்து டைப் பண்றேன். பொண்ணு வீட்டுக்குப் பக்கத்துல இருந்தது ஒரு எபிஸ்கோபல் சர்ச் (இங்கிலாந்து திருச்சபை வழி வந்த அமெரிக்க சபை), ஞாயித்துக்கிழமைன்னா அங்கதான் கூட்டிட்டுப் போவாங்க. பாவ அறிக்கை, விசுவாசப் பிரமாணம், பக்கத்துல இருக்கறவங்களுக்கு சமாதானம் கொடுக்கறது, கிராதிகிட்ட மண்டி போட்டு திருவிருந்து வாங்கறதுன்னு எல்லாம் நம்ம சி.எஸ்.ஐ (தென்னிந்தியத் திருச்சபை) மாதிரியேதான், பாஷை மட்டும்தான் வேற. ஓரமா ஒரு கொடி நட்டு வச்சிருந்தாங்க, வெள்ளைத் துணில பெரிய சிவப்புச் சிலுவை, மேல மூலையில நீலக் கட்டத்துல குட்டி குட்டியா ஒம்போது சிலுவை. எண்ணிப் பாத்தேன், பிரசங்கம் கொஞ்சம் நீளம்.

வெளிய போர்டுல நியூஜெர்சி பேராயம்னு (ஒரு பிஷப் பாத்துக்கற பகுதி) போட்டிருக்கு. தம்பி பையன் ஜெர்சி சிட்டில இருக்கான், கார்ல முக்கா மணி நேரம், அவன் போற சர்ச்சும் எபிஸ்கோபல்தான், ஆனா நியூவார்க் பேராயமாம். ஒரு ஸ்டேட்டுக்கு எதுக்குங்க ரெண்டு? சண்டை போட்டுப் பிரிஞ்சதா? அப்புறம் காபி டைம்ல ஒருத்தர் "எங்க பிஷப்ப நாங்களே ஓட்டு போட்டு எடுப்போம்"னு பெருமையா சொன்னாரு. நம்ம ஊர்லயும் ஓட்டுதானே போடறோம், இதுல என்ன பெருமை? கடைசியா, பேரனுக்கு அங்கயே ஞானஸ்நானம் கொடுத்துரலாமாங்கறாங்க, பின்னாடி இங்க செல்லுமா?

வேப்பேரிக்காரன்:
ஐயா, சண்டையெல்லாம் இல்ல, பாகப்பிரிவினை. 1874-ல வடக்குப் பாதிய தனியா எடுத்தாங்க. நியூயார்க்குக்கு எதிர்க்கரை அது, ரயில் வந்து ஊரெல்லாம் பெருத்துப்போச்சு, ஒரு பிஷப்பால சுத்திப் பாக்க முடியல. இதுல வேடிக்கை என்னன்னா அப்ப இருந்த பிஷப் ஓடன்ஹைமர் பழைய வீட்ட விட்டுட்டு புதுப் பாதிய எடுத்துக்கிட்டாரு, தெக்குப் பாதிக்கு ஸ்கார்பரோன்னு புதுசா ஒருத்தர் வந்தாரு. முதல்ல வடக்கு நியூஜெர்சி பேராயம்னுதான் பேரு, நியூவார்க்னு மாத்துனது 1886-ல.

நம்ம கதையும் இதேதானே. 1835-ல மெட்ராஸ் பேராயம் ஆரம்பிச்சப்ப சிலோன் கூட இதுக்குள்ளதான் இருந்துச்சு, நம்பறீங்களா? 1845-ல கொழும்பு தனியாப் போச்சு, 1879-ல திருவாங்கூர் கொச்சி, 1896-ல திருநெல்வேலி, சி.எஸ்.ஐ ஆனப்புறம் 1976-ல வேலூர். வீட்டுல புள்ளைங்க கல்யாணம் ஆகி ஒவ்வொண்ணா தனிக்குடித்தனம் போற மாதிரிதான்.

பழைய பேப்பர் கரையான்:
கொடிய எண்ணிப் பாத்தீங்க பாருங்க, அங்கதான் மொத்த கதையும் இருக்கு. சிவப்புச் சிலுவை இங்கிலாந்தோட செயின்ட் ஜார்ஜ் சிலுவை. ஒம்போது குட்டிச் சிலுவை 1789-ல ஒண்ணா கூடி சட்டதிட்டம் எழுதுன ஒம்போது பேராயம், அதுல நியூஜெர்சியும் ஒண்ணு. அத அடுத்த தடவ போனா நல்லா பாருங்க, பெருக்கல் குறி மாதிரி அடுக்கியிருப்பாங்க, ஸ்காட்லாந்தோட செயின்ட் ஆண்ட்ரூ சிலுவை அது. அமெரிக்கால ஸ்காட்லாந்துக்கு என்ன வேலைன்னா, சுதந்திரத்துக்கு முன்னாடி அங்க பிஷப்பே கிடையாது, லண்டன் பிஷப்தான் அவ்ளோ தூரத்துலருந்து பாத்துக்கணும், குருப்பட்டம் வாங்கணும்னாகூட கப்பலேறி இங்கிலாந்து போகணும். சுதந்திரம் வந்ததும் கனெக்டிகட்காரங்க சாமுவேல் சீபரிங்கறவர பிஷப்பா தேர்ந்தெடுத்து அனுப்பிச்சாங்க, இங்கிலாந்துல ராஜாவுக்கு விசுவாசமா இருப்பேன்னு சத்தியம் பண்ணாதான் பட்டம்னுட்டாங்க, இப்பதான் அந்த ராஜாவோட சண்டை போட்டு ஜெயிச்சிருக்கான், எப்படி சத்தியம் பண்ணுவான்? நேரா ஸ்காட்லாந்து போய் 1784 நவம்பர்ல அபர்டீன்ல அபிஷேகம் வாங்கிட்டு வந்தாரு. அப்புறம் இங்கிலாந்து பார்லிமென்டே சட்டத்த மாத்துச்சு, 1787-ல வைட், ப்ரோவூஸ்ட்னு ரெண்டு பேருக்கு லண்டன்லயே அபிஷேகம் ஆச்சு.

உங்க பொண்ணு ஊரு எடிசன்னீங்க, அதுக்குப் பக்கத்து ஊரு நியூ பிரன்ஸ்விக், அங்க கிறைஸ்ட் சர்ச்சுல 1785-ல கூடித்தான் நியூஜெர்சி பேராயமே ஆரம்பிச்சாங்க. முதல் பிஷப் ஜான் க்ரோஸ் வந்தது எப்ப தெரியுமா, 1815. முப்பது வருஷம் பிஷப் இல்லாத பேராயம்! குருமாரும் சபை ஜனங்களும் கூடிக் கூடிப் பேசியே ஓட்டியிருக்காங்க. இங்க மெட்ராஸ்ல அப்படியே தலைகீழ். 1680-லயே கோட்டைக்குள்ள செயின்ட் மேரீஸ் பிரதிஷ்டை ஆயிருச்சு, 1814-ல கல்கத்தாவுக்கு பிஷப், நமக்குன்னு டேனியல் காரி 1835-ல ராஜாவோட பட்டயத்தோட வந்து இறங்குனாரு, ரெண்டே வருஷத்துல காலமாயிட்டாரு. அவரு வரும்போது ஜனங்கள யாரும் ஒரு வார்த்தை கேக்கல. அங்க கவுன்சில் முதல்ல, பிஷப் அப்புறம். இங்க பிஷப் முதல்ல. என்னைக் கேட்டா அந்த காபி டைம் ஆளோட பெருமைக்கு இதுதான் அடிப்படை.

ரிட்டயர்ட் ட்ரெஷரர்:
மேல கரையான் தம்பி சொன்னது சரி, ஆனா பாதி. 1947 செப்டம்பர் 27 நம்ம ஜார்ஜ் கதீட்ரல்ல சி.எஸ்.ஐ பொறந்தப்ப ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் மட்டும் இல்ல, பிஷப்பே வேணாம்னு இருந்த கான்கிரகேஷனல், பிரஸ்பிட்டேரியன் ஆளுங்களும் சவுத் இண்டியா யுனைடெட் சர்ச் வழியா சேந்தாங்க. அவங்க சும்மா ஒத்துக்கல, பிஷப் இருக்கலாம், ஆனா சட்டத்துக்கு உட்பட்டுதான்னு எழுத வச்சுதான் சேந்தாங்க. அதனாலதான் பேராயத்துக்கு டயோசீசன் கவுன்சில், எக்ஸிகியூட்டிவ் கமிட்டி, மேல மொத்த சி.எஸ்.ஐ-க்கும் சினாட்ங்கற பேரவை, அதுக்குத் தலைவரா மாடரேட்டர்.

ஐயா கேட்ட ஓட்டு விஷயம். நம்ம கவுன்சில் ஓட்டு போட்டு பேனல்தான், அதாவது சில பேரோட பட்டியல்தான் அனுப்பும், அதுலருந்து ஒருத்தர எடுக்கறது சினாட் கமிட்டி. அங்க பேராய கன்வென்ஷன்ல (பேராயக் கூட்டத்துல) குருமார் ஓட்டு தனி, ஜனங்க ஓட்டு தனி, ரெண்டுலயும் ஒரே ரவுண்டுல மெஜாரிட்டி வரணும், இல்லன்னா மறுபடி ஓட்டு. அப்புறம் மத்த பேராயங்களும் பிஷப்மாரும் சம்மதம் கொடுக்கணும், ஆனா ஆளத் தேர்ந்தெடுக்கறது அந்த ஊர்க்காரன்தான்.

ஆயர் விஷயத்துல இன்னும் பெரிய வித்தியாசம். அங்க வெஸ்ட்ரின்னு ஒண்ணு, நம்ம பாஸ்ட்ரேட் கமிட்டி மாதிரி, அவங்களே ஆள் தேடி இன்டர்வியூ பண்ணி ரெக்டர, அதாவது ஆயர எடுப்பாங்க, சம்பளமும் அந்த சபைதான். நம்ம ஊர்ல டிரான்ஸ்ஃபர் லிஸ்ட் வர்ற அன்னிக்கு வாட்சப்ப பாத்திருக்கீங்களா, ப்ளஸ் டூ ரிசல்ட் தோத்துரும். நான் பன்னெண்டு வருஷம் ஒரு சபையில கணக்கு பாத்தேன், பேரு வேணாம், எலெக்ஷனுக்கு முந்தின வாரம் மூணு வருஷ சந்தா பாக்கிய ஒருத்தரே நாப்பது பேருக்கு சேத்துக் கட்ட வந்தாரு, ரப்பர் பேண்டு போட்ட கட்டு, எல்லாம் புது நோட்டு. ரசீது போட மாட்டேன்னேன். அதோட என் ட்ரெஷரர் பதவியும் போச்சு. ஓட்டு இருந்தா மட்டும் போதாது ஐயா.

சேகரத்துப் பேத்தி:
அங்கிள்களா, திருநெல்வேலிய பேராயம்னு சொல்லாதீங்க, எங்க தாத்தா கேட்டா அடிப்பாரு, அது திருமண்டலம் 😀 பெருசு ஐயா, ஞானஸ்நானம் தாராளமா கொடுக்கலாம். தண்ணியும் பிதா குமாரன் பரிசுத்த ஆவி நாமமும் இருந்தா எங்க கொடுத்தாலும் ஞானஸ்நானம்தான், போதாக்குறைக்கு சி.எஸ்.ஐ, எபிஸ்கோபல் ரெண்டுமே ஆங்கிலிக்கன் கம்யூனியன்ல (ஆங்கிலிக்கன் சபைகளோட உலகக் கூட்டமைப்பு) இருக்கு. சர்ட்டிபிகேட்ல அப்பா அம்மா பேரு பாஸ்போர்ட்ல இருக்கற ஸ்பெல்லிங்லயே இருக்கான்னு மட்டும் அங்கயே பாத்து வாங்கச் சொல்லுங்க. என் அக்கா பையனுக்கு ஒரு எழுத்து மாறி, அவன் கல்யாணத்துக்கு ஓலை (சபையில சொல்ற கல்யாண அறிவிப்பு) வாசிக்கற நேரத்துல ரெண்டு வாரம் அலைஞ்சோம்.

பெரம்பூர் பெருசு:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். பொண்ணுகிட்ட போன்ல சொல்லிட்டேன், ஞானஸ்நானம் அங்கயே வச்சுக்கட்டும், ஸ்பெல்லிங் விஷயமும் சொல்லியாச்சு. ட்ரெஷரர் சார், அந்தப் புது நோட்டுக்கட்டு ஆள் எங்க சபைக்கும் வந்திருப்பாரோன்னு தோணுது, இன்பாக்ஸ்ல வாங்க.