புதுப்பிப்பு: அட்லாண்டிக் உள்கரை நீர்வழியைத் தூர்வாரப் பணம் தருவது யார்?

அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையை ஒட்டி உட்புறமாகச் செல்லும் படகுப் பாதையான அட்லாண்டிக் உள்கரை நீர்வழியில், வர்ஜீனியாவின் நார்ஃபோக்கிலிருந்து ஃபுளோரிடாவின் ஃபோர்ட் பியர்ஸ் வரை 12 அடி ஆழம் இருக்க வேண்டியிருந்தும் மணல் மேடுகள் ஏன் நீடிக்கின்றன என்று முன்பு எழுதியிருந்தேன். எரிபொருள் வரி வசூலாகிறதே, அது எங்கே போகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள்.

சரக்குப் படகுகள் கேலனுக்கு 29 சென்ட் வீதம் செலுத்தும் அந்த வரி, மதகுப் பூட்டுகளையும் (நீர்மட்டம் மாறும் இடத்தில் படகுகளை ஏற்றி இறக்கும் அடைப்புகள்) அணைகளையும் கட்டவும் பெரிய அளவில் புதுப்பிக்கவும் உரிய நிதிக்குச் செல்கிறது. வழக்கமான தூர்வாரலுக்கான தொகையோ கூட்டரசின் பொது வரவுசெலவிலிருந்து நீர்வழிகளைப் பராமரிக்கும் ராணுவப் பொறியாளர் படைக்கு ஒதுக்கப்படுகிறது. அந்த ஒதுக்கீட்டில் சரக்கின் எடைக்கே முன்னுரிமை என்பதால், உல்லாசப் படகுகள் மிகுந்த இவ்வழி பின்தங்கிவிடுகிறது.

ஃபுளோரிடா இதற்கு 1927இலேயே வழி கண்டது. அவ்வாண்டு அமைந்த உள்நாட்டு நீர்வழி மாவட்டம் என்ற தனி வரி அமைப்பு, நாசோ முதல் மயாமி-டேட் வரையிலான 12 கடலோரக் கவுண்டிகளில் சொத்துவரி வசூலித்துத் தூர்வாரலுக்கு உதவுவதோடு, தூர்வாரி எடுத்த மண்ணைக் கொட்டுவதற்கான நிலத்தையும் வாங்கி வைக்கிறது (கரையோர நிலத்தின் விலையை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்). படகே இல்லாதவரும் வரி கட்டுகிறார் என்ற ஆட்சேபம் நியாயமானதுதான். ஆயினும் படகுத்துறைகளாலும் மீன்பிடிப்பாலும் வரும் வருமானம் அந்த ஊர்களிலேயே புழங்குவதால், இம்முறையையே நான் ஆதரிக்கிறேன்.