சுற்றைக் கூட்டியும் மின்காந்தத்தின் இழுவை கூடவில்லையே, ஏன்?

போல்ட்பையன்:
10 மி.மீ. இரும்பு போல்ட்டில் 0.3 மி.மீ. எனாமல் கம்பியை 400 சுற்று சுற்றி 5 வோல்ட் டிசி கொடுத்தேன். காயில் 3.6 ஓம் காட்டியது. ஆணிகளைக் கொத்தாகத் தூக்கியது. அதன்மேலேயே, அதே திசையில், இன்னும் 400 சுற்று சேர்த்து முதல் காயிலின் முனையோடு இணைத்தேன். இப்போது 7.8 ஓம். ஆனால் முன்பைவிட ஓரிரு ஆணி குறைவாகத்தான் ஒட்டுகிறது! பலத்தைத் தீர்மானிப்பது வோல்ட்டேஜா, கரண்டா?

காயில்கட்டி:
தம்பி, காந்தத்துக்குக் கரண்ட்தான் கணக்கு. வோல்ட்டேஜின் வேலை அந்தக் கரண்டைத் தள்ளுவதோடு சரி. கரண்டைச் சுற்றால் பெருக்கிப் பாருங்கள். முதலில் 1.39 ஆம்பியர் × 400, அதாவது 556 ஆம்பியர்-சுற்று. இப்போது 0.64 × 800, 512தான். மேல் அடுக்கில் ஒவ்வொரு சுற்றும் நீளம் அதிகம், அதனால்தான் இந்தச் சரிவு.

வோல்ட்டேஜும் கம்பியும் மாறாதவரை, சுற்றைக் கூட்டக் கூட கரண்ட் அதே அளவுக்கு இறங்கிவிடும். வோல்ட்டேஜை ஒரு சுற்றின் மின்தடையால் வகுத்தால் கிடைப்பதே ஆம்பியர்-சுற்று. எத்தனை சுற்று என்பது அந்தக் கணக்கில் வரவே வராது! பலம் வேண்டுமானால் வோல்ட்டேஜை ஏற்றுங்கள், இல்லை தடித்த கம்பிக்குப் போங்கள். 0.4 மி.மீ. கம்பியில் மீட்டருக்கு மின்தடை பாதிக்குச் சற்று மேல்தான்.

அதற்காக நீங்கள் சுற்றியது வீண் என்று நினைக்காதீர்கள். 7 வாட் சூடு 3.2 வாட்டாகக் குறைந்திருக்கிறதே. நாள் முழுக்க ஓட வேண்டிய காயிலுக்கு நான் அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

பழையகம்பி:
இரண்டு காயிலையும் பிரித்துப் பக்க இணைப்பில் கொடுங்களேன். ஒவ்வொன்றுக்கும் முழு 5 வோல்ட் கிடைக்கும், ஆயிரம் ஆம்பியர்-சுற்றைத் தாண்டும். அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் ஹென்றி 1831ல் 900 கிலோவுக்கு மேல் தூக்கிய காந்தத்திலும் ஒரே நீளக் கம்பி கிடையாது, தனித்தனிச் சுருள்கள்தான்.

போல்ட்பையன்:
அட, இழுவை பிய்த்துக்கொண்டு போகிறது அண்ணா! ஆனால் கொஞ்ச நேரத்தில் காயில் கையைச் சுடுகிறது, ஆணிகளும் உதிர்கின்றன.

காயில்கட்டி:
சுடாமல் இருக்குமா, இப்போது 13 வாட். செம்பு 50 டிகிரி சூடேறினால் மின்தடை சுமார் 20 சதவீதம் கூடும், கரண்ட் ஆறில் ஒரு பங்கு குறையும். இழுவையோ கரண்டின் வர்க்கத்தை ஒட்டிப் போவது, அதனால் 30 சதவீதம் வரை விழும். விட்டு விட்டு ஓட்டுங்கள். அப்புறம், அடாப்டரில் 3 ஆம்பியர் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். காயிலுக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு டையோடும் (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அணைக்கும் நேரத்தில் எழும் வோல்ட்டேஜ் ஸ்விட்சைப் பொசுக்கிவிடும்.