இறால் கம்பெனி வேலையில் இன்னும் மனதை அரிக்கும் ஒரு நாள் உண்டா?

முத்துநகர்வாசி

தூத்துக்குடி, நொபாஷி வரிசை. தரக்கட்டுப்பாட்டில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. நொபாஷி தெரியாதவர்களுக்காக: வாலை மட்டும் விட்டு உரித்த இறாலின் வயிற்றுப் பக்கம் நாலைந்து கீறல் போட்டு, அழுத்தி நீட்டிப் பென்சில் போல நேராக்குவது. ஜப்பானில் டெம்புராவுக்குப் பொரிக்கும்போது அது சுருளக் கூடாது. கீறல் ஆழமாகப் போனால் இறால் துண்டாகிவிடும். ஆழம் போதாவிட்டால் எண்ணெயில் வளைந்துகொள்ளும்.

அன்று வாங்குபவர் தரப்பிலிருந்து ஒரு ஜப்பானியர் வந்திருந்தார். மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஒரு அக்காவின் தட்டருகே நின்றுவிட்டார். அளவுகோலை வைத்தார். ஓர் இறாலை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். பிறகு அக்காவின் கையைச் சுட்டிக்காட்டி ஏதோ சொன்னார். அவருடைய ஆங்கிலம் எனக்குப் பிடிபடவில்லை. அக்கா சட்டென்று இரண்டு கைகளையும் மேலங்கிக்குள் மறைத்துக்கொண்டார். ஏதோ தவறு என்று நினைத்து, "நீங்கள் வெளியே போங்கள்" என்று நானே அனுப்பிவிட்டேன்.

மாலையில்தான் மேலாளர் சொன்னார். அந்தத் தட்டைப் போல எல்லாத் தட்டும் இருக்க வேண்டும், இவர் எப்படிச் செய்கிறார் என்று இன்னொரு முறை காட்டச் சொல்லுங்கள் என்றாராம் அந்த ஜப்பானியர். அக்கா ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவர். மறுநாள் வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை.

வேதாரண்யம் பண்ணைக்காரன்

கம்பெனிக்குள் நடப்பதையே எல்லோரும் எழுதுகிறீர்கள். இறால் வானத்திலிருந்தா விழுகிறது?

ஓர் அறுவடை இரவு. அமாவாசைக்கு முன் பிடித்துவிட வேண்டும் என்ற அவசரம். தாண்டினால் ஓடு கழற்றி மெத்தென்று ஆகிவிடும், விலை போகாது. கவுண்ட், அதாவது கிலோவுக்கு எத்தனை இறால் என்று பார்க்க வந்தவர் கூடையின் மேல்பக்கம் தொடவே இல்லை. எண்ணிக்கை கூடினால் விலை குறையும். முழங்கை வரை உள்ளே விட்டு அடியிலிருந்து அள்ளினார். சின்னது எங்கே தங்கும் என்று அவருக்குத் தெரியாதா? கிலோவுக்கு 33 என்றார். நான் மேலிருந்து அள்ளி எண்ணினேன், 30 வந்தது. "சரி அண்ணே, 32 போட்டுக்கொள்வோம்" என்று சிரித்தார். லாரியில் ஐஸ் உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. நானும் தலையாட்டினேன். எத்தனையோ பிடிப்பு முடிந்துவிட்டது, அந்தச் சொட்டுச் சத்தம் மட்டும் போகவில்லை.

முத்துநகர்வாசி, உங்கள் ஜப்பானியர் அளவுகோலாவது வைத்தார்.

ஆவணப் பிரிவு

என் கதையில் இறாலே இல்லை, அட்டைப்பெட்டிதான்.

அமெரிக்கா 2005இல் இந்திய இறாலுக்குப் பொருள்குவிப்புத் தடுப்பு வரி (நியாய விலைக்கும் கீழே விற்றுக் குவிப்பதைத் தடுக்கும் வரி) போட்டபோது பிரெட் தூள் பூசிய இறாலை அதில் சேர்க்கவில்லை. அதனால் "பூசி அனுப்பு, பிழைத்துக்கொள்" என்பதுதான் நான் வேலைக்குச் சேர்ந்ததும் கேட்ட முதல் பாடம். மாவு மட்டும் தூவியதற்கும் 2011 வரை விலக்கு இருந்தது; அந்த மாவு எடையில் நான்கு முதல் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற அந்தப் பழைய விதியைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருள்கள் மீதான கூடுதல் வரி 50 சதவீதம் ஆனது. அதற்குப் பூசியது, பூசாதது என்ற பேதமெல்லாம் இருக்கவில்லை. வாங்குபவர் பாதிச் சுமையை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள் என்றார், முதலாளி மறுத்தார், சரக்கு நின்றது. கட்டியாக உறையவைத்த வெறும் இறால் என்றால் சீனாவுக்கோ வியட்நாமுக்கோ திருப்பிவிடலாம். இதுவோ அவர்கள் சொன்ன மசாலா, அவர்கள் பெயர், அவர்கள் நாட்டுக் குடும்பம் சிரித்தபடி சாப்பிடும் படம் போட்ட பெட்டி. வேறு யார் வாங்குவார்? மதிப்பைக் கூட்டக் கூட்ட, வாங்கக்கூடியவர் எண்ணிக்கை குறைகிறது. இதை எந்தக் கருத்தரங்கிலும் சொல்ல மாட்டார்கள்.

ஒரு நாள் காலை சீக்கிரமாகப் போனேன். இரவுக் காவலாளி நாலைந்து வெற்றுப் பெட்டிகளைப் பிரித்து விரித்துப் படுத்திருந்தார். அவர் கன்னத்துக்குக் கீழே அந்தக் குடும்பம் சிரித்துக்கொண்டிருந்தது.

பழைய பாசறை

அனுபவம் என்று பெரிதாக இல்லை. கிளேசிங், அதாவது உறைந்த இறால் மேல் பூசும் ஐஸ் படலம், கூடிவிட்டதென்று ஒரு முறை இரவு முழுக்க ஐஸைக் கரைத்து எடை போட்டோம், அவ்வளவுதான்.

ஆனால் வேதாரண்யம் நண்பருக்குச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். கவுண்டை ஒரே கூடையில் பார்க்கவிடக் கூடாது. முதல் வலை, நடு வலை, கடைசி வலை என்று மூன்று எடுத்துச் சராசரி போடுங்கள். எப்படி எடுப்பது என்பதை வலை இறங்குவதற்கு முன்பே எழுதி வாங்குங்கள்; வலை ஏறிய பிறகு பேச்சுக்கு மரியாதை இல்லை. ஐஸ் உங்களுடையதாக இருக்கட்டும், இறாலுக்குச் சம எடை. கையில் ஐஸ் இல்லாதவர்தான் முதலில் இறங்கி வருவார். அறுவடைக்கு முந்தைய மருந்துப் பரிசோதனைச் சீட்டு கையில் இருக்கட்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் நம் பண்ணை இறாலுக்கான பரிசோதனையைப் பத்து சதவீதத்திலிருந்து ஐம்பதாக உயர்த்தியதே நைட்ரோஃபியூரான், குளோரம்பெனிகால் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளின் எச்சத்தால்தான். ஒரு குட்டையில் ஒருவர் போடும் மருந்துக்கு மொத்தக் கடற்கரையும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. தீவனத்தை எந்த நேரத்தில் நிறுத்த வேண்டும் என்பதும் முக்கியம், குடலில் தீவனம் இருந்தால் கறுப்புக் கோடு தெரியும். அதற்கும் விலையைப் பிடிப்பார்கள்.

வேதாரண்யம் பண்ணைக்காரன்

ஐயா, இருபது வருடமாகக் குட்டை வைத்திருக்கிறேன். ஆலோசனை கேட்கவில்லை. சொட்டுச் சத்தத்தைத்தான் சொன்னேன்.

தருவைக்குளம்

நான் எழுதுவதில்லை, படிப்பேன். முதலில் எழுதிய தம்பிக்காகத்தான் இது.

நான் பதினொரு வருடம் நொபாஷி வரிசையில் நின்றவள். அந்த அக்கா தட்டுக்குப் பயந்து கையை மறைத்திருக்க மாட்டார். அவர் தட்டு எப்படி இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். இறாலின் வால் நடுவே ஊசி போல ஒரு முள் இருக்கும். வால் நுனியை நறுக்கி உள்ளே தங்கிய தண்ணீரை வழித்தெடுக்கும்போது அது கட்டைவிரலில் ஏறும். தண்ணீரை எடுக்காவிட்டால் எண்ணெய் வெடிக்கும், அதனால் அழுத்தித்தான் வழிக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் வலி தெரியாது, சாயங்காலம் விரல் வீங்கிவிடும். கையில் காயம் இருப்பது தெரிந்தால் வரிசையில் நிற்க விட மாட்டார்கள். அது சரிதான், தின்கிற பொருள். ஆனால் அன்றைய கூலியும் கிடையாது. அதனால் கையுறைக்குள் கட்டுப் போட்டு மறைப்போம். யாராவது கையைச் சுட்டிக்காட்டினால் முதலில் நினைவுக்கு வருவது கூலிதான்.

வெளியே போகச் சொன்னதும் காயத்தைப் பார்த்துவிட்டார்கள் என்றுதான் எண்ணியிருப்பார். மறுநாள் வேறு கம்பெனி வேனில் ஏறியிருப்பார், நாங்கள் எல்லோரும் அப்படித்தான் ஏறுவோம்.

முத்துநகர்வாசி

அக்கா, நீங்கள் எந்த வருடங்களில் அங்கே இருந்தீர்கள்?